பின்குறிப்பில் இருக்கும் நோயாளி

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"டாக்டருக்கு வணக்கம். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 471 வாங்கியவள். இந்த வருடமும் உட்கார்ந்து படிக்கத்தான் செய்கிறாள். மறுநாள் கேட்டால் எல்லாம் மறந்துவிட்டது என்கிறாள். காலாண்டில் வேதியியல் தேறியதே பெரிய விஷயம். காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஓடிவிடுகிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாள். போதாததற்குச் சின்னப் பிள்ளை மாதிரி டப்பாவில் கையை விட்டுப் பச்சரிசி தின்கிறாள். 'கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டப் போகுது பாரு' என்று என் அத்தை திட்டாத நாள் இல்லை. நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஞாபகசக்தி டானிக் தந்தார்கள். 30 நாளைக்கு 640 ரூபாய். வைட்டமின் குறைந்தால் படித்தது மறக்குமாமே, உண்மையா? இதைக் கொடுக்கலாமா?

பின்குறிப்பு: என் மாமாவுக்கும் (கணவரின் அப்பா, வயது 71) இப்போது மறதி. கேட்டதையே கேட்கிறார். 12 வருடமாக மெட்பார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை போடுகிறார், கேஸ் மாத்திரையும் உண்டு. பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்கிறார். வயதாகிவிட்டது என்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே டானிக்கில் அவருக்கும் ஒரு மூடி கொடுக்கலாமா?"

அன்புள்ள சகோதரி,

மகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு மாமாவைப் பின்குறிப்பில் உட்கார வைத்துவிட்டீர்கள். நான் உங்கள் கடிதத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன். மகளுக்கு ஒரு வாரம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. மாமாவுக்கு இந்த வாரமே ரத்தம் எடுக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். பி12 என்ற வைட்டமினைச் செடிகொடிகள் செய்வதில்லை, மாடு ஆடும் செய்வதில்லை. நுண்ணுயிரிகள் மட்டுமே செய்கின்றன. மாட்டின் வயிற்றில் அவை செய்து வைப்பது பாலுக்கும் இறைச்சிக்கும் வந்து சேர்கிறது. முட்டைகூடச் சேர்க்காத வீட்டில் பி12 வருவதற்கு இருக்கும் வழி பால், தயிர், மோர்தான். ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் இருக்கும். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். சர்க்கரை வந்த பிறகு உங்கள் மாமா பாலைக் குறைத்திருப்பார் என்று நினைக்கிறேன். காபிக்கு விடும் அரைக் கரண்டிப் பாலெல்லாம் கணக்கில் வராது.

உள்ளே போனதும் உடம்பில் சேர்ந்துவிடும் என்றும் இல்லை. சாப்பாட்டில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பிரிந்ததைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக வயிற்றுச் சுவர் சுரக்கும் ஒரு தனிப் புரதம் வேண்டும். அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் சிறுகுடலின் கடைக்கோடி. காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரை முதல் படியில் அமிலத்தைக் குறைக்கிறது. மெட்பார்மின் கடைசிப் படியில் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. இரண்டையும் பல வருடம் சேர்த்துச் சாப்பிடுகிற, பால் அதிகம் குடிக்காத, எழுபது தாண்டிய சைவக்காரர் என்றால், பி12 குறைந்திருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். கல்லீரலில் சில வருடங்களுக்குத் தாங்கும் இருப்பு இருப்பதால் குறைவது உடனே தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் கரையும்.

இனி அந்தப் பஞ்சு. நம் பாதம் எங்கே, எப்படி ஊன்றியிருக்கிறது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோக முதுகுத் தண்டின் பின்பக்கத்தில் தனிப் பாதை இருக்கிறது. அந்த நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு, மயலின் என்பார்கள். பி12 இல்லாவிட்டால் அந்த உறை சிதையும். தரை கல்லாக இருந்தாலும் மெத்தை மாதிரி இருக்கிறது என்பார் நோயாளி. மூளைக்குள்ளும் இதே கோளாறு நடக்கும்போது மறதி, மந்தம், காரணமில்லாத எரிச்சல், சில நேரம் சந்தேக புத்தி எல்லாம் வரும். காலும் மறதியும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் வந்தால், இரண்டையும் ஒரே நூலில் கோக்கப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். சர்க்கரையாலும் கால் மரக்கும் என்பது உண்மைதான். அதனாலேயே பலருக்கு எல்லாப் பழியும் சர்க்கரை மேல் விழுந்து, பி12 தப்பித்துக்கொள்கிறது.

இதில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஏறக்குறைய உங்கள் மாமா மாதிரியே ஒரு பெரியவரை, "ஹீமோகுளோபின் 13 இருக்கிறது, ரத்தசோகை இல்லை, பிறகு பி12 எதற்கு" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். பி12 குறைந்தால் முதலில் ரத்தம் கெடும், பிறகுதான் நரம்பு என்று மனப்பாடம் செய்திருந்தேன். அது சரியில்லை என்று 1988-லேயே நியூயார்க் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரை அவர்கள் கவனித்ததில் 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, ரத்த அணுக்கள் பெருத்தும் இல்லை. ரத்த அறிக்கை சுத்தமாக இருக்க, நரம்பு போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பெரியவர் எட்டு மாதம் கழித்துக் கோலூன்றி வந்தார். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் சிலதைக் கவனித்துக்கொள்ளுங்கள், போனதும் சொல்ல வசதியாக இருக்கும். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடிச் சுவரைப் பிடிக்கிறாரா? இரவில் விளக்கில்லாமல் பாத்ரூம் போகும்போது தடுமாறுகிறாரா? செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமலே நடக்கிறாரா? நாக்கு மேல் இருக்கிற சொரசொரப்பு போய் வழவழவென்று சிவந்திருக்கிறதா? கண் திறந்திருக்கும்வரை கால் விட்ட குறையைப் பார்வை சரிக்கட்டிவிடும். கண்ணை மூடியதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேட்க வேண்டிய பரிசோதனை, ரத்தத்தில் பி12 அளவு. ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, சந்தேகமில்லை. 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால் அதை 'நார்மல்' என்று மடித்து வைக்காதீர்கள். அந்த இடைவெளியில் இருப்பவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் போன்ற இன்னொரு பரிசோதனை பார்க்க வேண்டியிருக்கும், அல்லது அறிகுறியை வைத்தே வைத்தியம் தொடங்குவோம். கூடவே முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சோடியம், கிரியாட்டினின். ஒரு விஷயம் முக்கியம்: ரத்தம் கொடுத்த பிறகுதான் ஊசி. தெருமுனை கிளினிக்கில் 'சத்து ஊசி', 'நரம்பு ஊசி' என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுத்த நாள் பரிசோதனைக்குப் போனால் எண் எங்கோ உயரத்தில் நிற்கும். அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

குறைவு என்று தெரிந்தால் வைத்தியம் மிகச் சாதாரணம். 1000 மைக்ரோகிராம் ஊசி, முதலில் அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒன்று. ஊசி வேண்டாம் என்றால் அதே அளவு மாத்திரை தினமும். குடலின் அந்தத் தனிப் பாதை அடைபட்டிருந்தாலும், பெரிய அளவாகக் கொடுத்தால் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போய்விடும், அதுவே தேவைக்கு மேல். நரம்பு பாதிப்பு தெரிகிறபோது நான் ஊசியில்தான் தொடங்குவேன். மெட்பார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது நல்ல மருந்து; பி12-ஐச் சேர்த்துக் கொடுத்தால் போதும். கேஸ் மாத்திரை இன்னும் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். பல வீடுகளில் அது எப்போதோ ஒரு காய்ச்சலுக்கு எழுதிய சீட்டில் ஏறி, இறங்க மறந்து போனது.

சரி, டானிக்கில் ஒரு மூடி கொடுத்தால் என்ன? இந்த மாதிரி டானிக்குகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு வைட்டமின் இருக்கும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் தந்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு தொடர்ந்து கெடும். அடுத்த முறை ரத்தம் பார்க்கிறவருக்கு இருந்த ஒரு தடயமும் அழிந்திருக்கும். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றுகிறோம் என்பது வேறு. ஆகவே, கொடுக்காதீர்கள்.

அவருடைய மாத்திரை டப்பாவையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கால் எரிச்சலுக்கு என்று 'நரம்பு மாத்திரை' ஏதாவது போடுகிறாரா? அதில் மெத்தில்கோபாலமினோடு பிரிகாபலின் சேர்ந்த வகை நிறையப் புழங்குகிறது. முன்னது பி12. பின்னது தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் மறதியும் தரக்கூடியது. மறதிக்கு மருந்து என்று நினைத்து மறதியை விலைக்கு வாங்கிச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா மறதியும் ஊசியில் சரியாகிவிடும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுபது வயதில் அல்சைமர் வரலாம், மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் அடைபடலாம், மனச்சோர்வு மறதி வேடம் போடலாம், காது மந்தமாகிக் கேட்காததையே மறந்ததாக நாம் நினைக்கலாம், போன மாதம் விழுந்த அடியில் மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருக்கலாம். பி12 குறைவும் அல்சைமரும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. அப்போது ஊசி காலைத் தேற்றும், மறதியை அவ்வளவாகத் தொடாது. குறை எத்தனை நாளாக இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் திரும்பக் கிடைப்பது இருக்கும். சில மாதங்கள் என்றால் நன்றாகத் தேறுவார்கள். வருடக்கணக்கில் என்றால் மேலும் கெடாமல் நிற்பதே லாபம். ரத்தம் ஒரு வாரத்தில் துள்ளும், நரம்பு ஆறு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைட்டமின் குறைந்தால் மறக்குமா? மறக்கும். இது டானிக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த கதை இல்லை. 1880-களின் கடைசியில் ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ், குடிநோயாளிகள் சிலர் ஐந்து நிமிடம் முன்பு நடந்ததை அடியோடு மறப்பதையும், மறந்த இடத்தை இல்லாத கதை சொல்லி நிரப்புவதையும் எழுதிவைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது. பிற்பாடுதான் அது தயமின் என்கிற பி1 இல்லாததால் மூளையின் நினைவுச் சுற்றில் விழும் ஓட்டை என்று தெரிந்தது. அதே பி1 குறைவுதான் கால் துவண்டுபோகும் பெரிபெரி நோய்க்கும் காரணம். ஜாவாவில் ஐக்மேன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு போட்டதும் எழுந்து நடப்பதையும் பார்த்தார். 1929-இல் அதற்கு நோபல் பரிசு வாங்கினார். தவிட்டில் இருந்த அந்தப் பொருளை 1936-இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரில் பிறந்தவர். நம் பாட்டிகள் நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினார்களே, அந்த அவிப்பில் தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போகாது. புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களைப் பெரிபெரி அண்டாததற்கு அதுதான் காரணம்.

குழந்தைகளிடமும் இது தெரிந்த விஷயம். 2003-இல் இஸ்ரேலில், தயமின் சேர்க்க விட்டுப்போன ஒரு சோயாப் பால்மாவைக் குடித்த கைக்குழந்தைகள் நோயுற்றார்கள். அப்போது வெளிப்படையாக ஒன்றும் தெரியாமல் தப்பிய பிள்ளைகளைக்கூட ஐந்தாறு வயதில் சோதித்தபோது, பலருக்கு மொழி கற்பதில் சிக்கல் இருந்தது. மூளை கட்டப்படும் நேரத்தில் ஒரு செங்கல் வராமல் போனால் பிறகு வைத்துப் பூச முடிவதில்லை.

ஆனால் டானிக் விற்பவர் கேட்பது வேறு கேள்வி. குறைந்தால் மறக்கும் என்றால், கூட்டினால் கூடுமா? அதே 1988-இல் வேல்ஸ் நாட்டில் இதைச் சோதித்தார்கள். 12, 13 வயதுப் பிள்ளைகள் 90 பேர். சிலருக்கு எட்டு மாதம் வைட்டமின் மாத்திரை, சிலருக்குச் சத்தில்லாத போலி மாத்திரை, மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. வைட்டமின் சாப்பிட்டவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண், மொழி சாராத பகுதியில் மட்டும், ஏறியிருந்தது. செய்தி வெளிவந்ததும் பிரிட்டன் கடைகளில் மாத்திரைக்குத் தள்ளுமுள்ளு. அப்புறம் வேறு இடங்களில் திரும்பச் செய்து பார்த்த சோதனைகள் பலவற்றில் அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. என் கணிப்பு இது: சாப்பாடு மோசமாக இருந்த சில பிள்ளைகளுக்கு உதவியிருக்கும், வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு மாத்திரை சிறுநீரில் போயிருக்கும்.

பெரியவர்களிடமும் ஏறக்குறைய அதே கதை. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய ஆண் மருத்துவர்கள் கிட்டத்தட்ட 6,000 பேரில் பாதிப் பேருக்கு மல்டிவைட்டமினும் மீதிப் பேருக்குப் போலி மாத்திரையும் 12 வருடம் தந்தார்கள். நினைவாற்றலில் வித்தியாசமே இல்லை. (என் இனத்தாரே ஏமாந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி.) 2023-இல் வந்த இன்னொரு அமெரிக்கச் சோதனை சற்று நல்ல சேதி சொன்னது. 60 தாண்டிய 3,562 பேரில் மல்டிவைட்டமின் சாப்பிட்டவர்களின் நினைவு ஒரு வருடத்தில் கொஞ்சம் மேலே போயிருந்தது. கொஞ்சம் என்றால், 20 சொற்களைக் காட்டி எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்டதில் இரு குழுவுக்கும் இடையே ஒரு சொல் அளவுகூட வித்தியாசமில்லை. அது வயதானவர்களின் கணக்கு. பிளஸ் டூ மாணவிக்கு அதை வைத்து எந்த வாக்குறுதியும் தர முடியாது. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். எனக்கு வெண்டைக்காய் பிடித்தது, கணக்கு வரவில்லை.

இனி மகள். அவளுடைய நோயை நீங்கள் கோபத்தில் எழுதிய வரியில்தான் பார்த்தேன். பச்சரிசி. சாப்பாடல்லாததை, சமைக்காததைத் தின்ன வேண்டும் என்ற அடங்காத ஆசை, அது அரிசியோ விபூதியோ சிலேட்டுக் குச்சியோ மண்ணோ ஐஸ் கட்டியோ, பெண் பிள்ளைகளிடம் வந்தால் நான் முதலில் நினைப்பது இரும்புச்சத்துக் குறைவைத்தான். அவளை அத்தை திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரும்பு ஏறியதும் அந்த ஆசை பெரும்பாலும் தானாகப் போய்விடும். மழை பற்றிய உத்தரவாதத்தை அத்தையே வைத்துக்கொள்ளட்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

இரும்பு வைட்டமின் இல்லை, தாது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதுதான் பதில் என்பதால் இதைச் சொல்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமப்பது மட்டும் அதன் வேலை இல்லை. கவனத்தையும் ஊக்கத்தையும் நடத்துகிற டோபமின் என்ற பொருளைச் செய்ய மூளைக்கு இரும்பு வேண்டும். உடம்பில் இரும்பு குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு, கடைசியில்தான் ஹீமோகுளோபின் இறங்கும். நடுவில் மாதக்கணக்கில், ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தும் பிள்ளை மந்தமாக இருப்பாள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் 1996-இல் வந்த ஒரு சோதனை இதைத்தான் பார்த்தது. ரத்தசோகை இல்லாத, ஆனால் இரும்புச் சேமிப்பு குறைந்த பள்ளி மாணவிகளில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் இரும்பு மாத்திரை. சாப்பிட்டவர்கள், கேட்ட சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் தேர்வில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். குறை இருந்த இடத்தில் நிரப்பினார்கள், கிடைத்தது.

அதனால் ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் ஃபெரிட்டின் என்ற சேமிப்பு அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. 30-க்குக் கீழே இருந்தாலே நான் மருந்து தொடங்குவேன். முட்டைகூட இல்லாத வீடு என்பதால் அவளுக்கும் பி12 பார்ப்பது நல்லது. தைராய்டையும் சேர்த்துப் பாருங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதும் போடுகிறாள் என்றால் ரத்தம் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது சில பரிசோதனைக் கருவிகளை ஏமாற்றித் தைராய்டு எண்ணைத் தப்பாகக் காட்டும்.

இப்படி ஆகிவிட்டதே என்று நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், 53 சதவீதம் பேர், ரத்தசோகை உள்ளவர்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை தருகிறார்களே, அது இதற்குத்தான். மகள் அதை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே போடுகிறாளா என்று சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள். வயிறு புரட்டுகிறது என்று பாதிப் பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் புரட்டத்தான் செய்யும்.

குறைவு என்று உறுதியானால் வாரம் ஒன்று போதாது. தினம் ஒன்று, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். இரும்பு உள்ளே போனதும் உடம்பு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொள்கிறது. அதனால் ஒருநாள் விட்டுக் கொடுத்தால் மாத்திரைக்கு மாத்திரை உறிஞ்சுவது கூடும், வயிற்றுத் தொல்லையும் குறையும். எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம், நெல்லிக்காய் கடித்துக்கொள்ளலாம். டீயோடும் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் எடுக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாமல், சேமிப்பு நிறைய மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும். பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு நாளைத் தாண்டுகிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? அப்படி இருந்தால் மாத்திரையால் ஊற்றுவது ஒருபக்கம், ஓட்டை ஒருபக்கம். மகளிர் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி தேவையில்லை. காலை டீயைப் பத்தரை மணி இடைவேளைக்குத் தள்ளுங்கள், ஏழரைக்கு இரண்டு இட்லியாவது போகட்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு எல்லாம் சரி. கூடவே எலுமிச்சை, கொய்யா, தக்காளி என்று வைட்டமின் சி உள்ளது ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீரையில் இருக்கும் இரும்பு கீரையோடு போய்விடும். தயிர் ஒரு கிண்ணம், பால் ஒரு டம்ளர். சுருள்பாசியில் (ஸ்பைருலினா) பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 மாதிரி தோற்றம் கொண்ட, நம் உடம்புக்கு உதவாத பொருள். ரேஷன் அரிசி வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று: அதில் நிறம் சற்று வேறாகத் தெரிகிற மணிகள் இருந்தால், பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள், நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் கலப்பது. எறிந்துவிட்டு டானிக் வாங்காதீர்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இரும்பு ஏறினாலும் வேதியியல் தானாக ஏறாது. இந்த வயதில் 'மறந்துவிட்டது' என்று சொல்வதில் பெரும்பகுதி, முதலிலேயே மனதில் பதியாதது. இரவு ஒரு மணி வரை விழித்துப் படிக்கிறாள் என்றால் பகலில் படித்ததை மூளை அடுக்கிவைக்கும் நேரமே வெட்டுப்படுகிறது. எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், போன் எங்கே தூங்குகிறது என்பதையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் முகம் வாடியே இருந்தால், அழுதால், தோழிகளிடமிருந்து விலகினால், அது வேறு உதவி கேட்கிற மறதி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, டானிக் வீட்டுக்குள் நுழையும்போது கூடவே வரும் மற்ற மாத்திரைகளைப் பற்றி. வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்று சாப்பிட வேண்டியது. அதைத் தினம் ஒன்றாக இரண்டு மூன்று மாதம் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் எகிறி, ஆளும் பேரும் தெரியாமல் குழம்பிய நிலையில் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் உண்டு. பி6-ஐ அளவுக்கு மீறி மாதக்கணக்கில் எடுத்தால் கால் மரத்துப் போகும். 'நரம்பு மாத்திரை' என்று நம்பித்தான் எடுத்திருப்பார்கள்.

அந்த 640 ரூபாய் பாட்டிலின் சீலை இன்னும் உடைக்கவில்லை என்றால் பில்லோடு திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், தெரிந்த கடைக்காரர் என்றால் எடுத்துக்கொள்வார். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் மாமாவின் பி12 பரிசோதனைக்கு ஆகிவிடும். மகளின் ஹீமோகுளோபினை அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். இரண்டு முடிவுகளும் கையில் வந்ததும், மாமாவின் மாத்திரைச் சீட்டையும் சேர்த்து எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். இந்த முறை அவரைப் பின்குறிப்பில் வைக்காதீர்கள்.